தொழுநோய் இழையப் பரிசோதனை

தொழுநோய் எனச் சந்தேகிக்கப்படுபவரின் தோலிலிருந்தோ நரம்பிலிருந்தோ வெட்டியெடுத்த சிறு இழையத் துண்டை நுணுக்குக்காட்டியில் ஆராய்தல். இலங்கையின் மத்திய மாகாணத்தில் இத்தகைய நோயியல் பணிக்குரிய முக்கிய நிலையங்கள் கண்டி தேசிய வைத்தியசாலையும், 1962இல் தொடங்கிய பேராதனை மருத்துவ பீடமும் ஆகும்.

தொழுநோயை உண்டாக்கும் மைக்கோபற்றீரியம் லெப்ரே கிருமியை 1873இல் நோர்வேயின் ஹான்சன் கண்டறிந்தார். அதைச் செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. நுணுக்குக்காட்டிக்கு இந்நோயில் இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். போர்மலினில் பதப்படுத்திய துண்டு மெழுகில் பதிக்கப்பட்டு மெல்லிய சீவல்களாக வெட்டப்படும். ஹீமற்றொக்சிலின்–இயோசின் சாயம் இழைய அமைப்பைக் காட்டும். ஃபைட் சாயம் பற்றீரியாவைச் சிவப்புக் கோல்களாகக் காட்டும். கிருமியின் கொழுப்புறையைக் காக்க இம்முறையில் நிலக்கடலை எண்ணெயும் பயன்படுவது சற்று வியப்பானதே.

ரிட்லியும் ஜொப்ளிங்கும் 1966இல் நோயை உடலின் எதிர்ப்பாற்றல் வரிசைப்படி ஐந்து வகைகளாகப் பிரித்தனர். உடலின் எதிர்ப்பு வலுவாயுள்ள ஒரு முனையில், நிணநீர்க்கலங்கள் சூழ்ந்த கிரனுலோமாக்கள் (அழற்சிக் கலத் திரள்கள்) நரம்பைச் சிதைத்திருக்கும். கிருமியைக் காண்பது அரிது. மறுமுனையில், கிருமிகள் நிறைந்த நுரைபோன்ற பெருவிழுங்கிகள் உட்தோலில் பரவியிருக்கும். மேற்றோலுக்கும் அவற்றுக்கும் இடையே தெளிவான ஒரு பட்டை விடுபட்டிருக்கும்.

ஆரம்பநிலை நோயில் முடிவு பெரும்பாலும் உறுதியற்றது. அறிக்கையை மட்டும் நம்புவது தவறு. உணர்விழப்பும் தடித்த நரம்பும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும். தோல் லீஷ்மேனியாசிசும் இலங்கையில் காணப்படுவதால், அதன் ஒட்டுண்ணிகளையும் நோயியலாளர் தேடுவார்.

தேசிய அளவில் தொழுநோய் ஒழிப்பு இலக்கு 1995இல் எட்டப்பட்டபோதும், இலங்கையில் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர்.