பாம்புத்தலைப் பூச்சியும் பட்டாலைப் பெண்களும்

சைனாடவுன் மாரியம்மன் கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்தப் பட்டு எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "முசுக்கட்டை இலை தின்னும் புழுவிலிருந்து" என்று மாணவர்கள் சரியாகவே சொல்லிவிடுவார்கள். ஆனால் பட்டு நூற்கும் பூச்சிகளில் இன்னொரு பெரிய குடும்பம் இருக்கிறது. அதில் ஒன்று சில நாட்களில் நம்ம புளோக்கின் கீழ்த்தளச் சுவரிலேயே வந்து ஒட்டிக்கொண்டிருக்கும்: அட்லஸ் அந்துப்பூச்சி. சிறகை விரித்தால் 24, 25 சென்டிமீட்டர் வரை இருக்கும். உங்கள் கை விரித்த அளவைவிடப் பெரியது. மேல்சிறகின் நுனி பாம்பின் தலையைப் போலவே இருப்பதால் ஹாங்காங்கில் கான்டனீஸ் பேசுவோர் அதைப் 'பாம்புத்தலைப் பூச்சி' என்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தைப் பெரும் பட்டுப்பூச்சிகள் என்று வைத்துக்கொள்வோம். இவற்றைப் பணத்துக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக வளர்த்துப் படித்த மனிதர்களின் வரலாறு 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. படிக்கச் சுவையான வரலாறுதான். ஆனால் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் அதை ஒரு கேள்வியோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே பூச்சியை ஒருவர் ஆர்வத்துக்காக வளர்க்கிறார், இன்னொருவர் வயிற்றுப்பாட்டுக்காக வளர்க்கிறார். புத்தகத்தில் யார் பெயர் நிற்கிறது?

முதலில் இந்தியா. டசார், முகா, எரி என்று மூன்று வகைப் பட்டு இந்தப் பெரும் பட்டுப்பூச்சிகளிலிருந்து கிடைக்கிறது. டசார் புழு மருத மரத்திலும் சால மரத்திலும் வளரும். சோட்டா நாக்பூர் பகுதிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்து வந்தார்கள். முகா அசாமுக்கே உரியது, பொன்னிறம். எரி ஆமணக்கு இலை தின்னும். தமிழாசிரியர்கள் இங்கே சற்று நில்லுங்கள். அசாமிய மொழியில் 'எரா' என்றால் ஆமணக்கு. அந்தச் சொல்லின் வேர் வடமொழியின் 'ஏரண்டம்'. நம் அகராதிகளிலும் ஆமணக்குக்கு 'ஏரண்டம்' என்ற பெயர் இருக்கிறது. மரத்தின் பெயரே புழுவுக்கும் துணிக்கும் ஆகிவந்த கதை இது. ஆகுபெயர் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

எரி புழு மரவள்ளி இலையையும் தின்னும். அதன் கூட்டின் ஒரு முனை திறந்தே இருப்பதால் பூச்சி வெளியே போன பிறகும் கூட்டை நூற்கலாம். 'அகிம்சைப் பட்டு' என்று இப்போது கடைகளில் விற்பது பெரும்பாலும் இதுதான்.

இந்தப் புழுக்களைப் பற்றி ஐரோப்பியர் எழுதத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் 1790களில் முசுக்கட்டைப் பட்டு வளர்ப்பைப் பரப்ப ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். அவர் ஆசை வணிக ஆசை, அதனால் அவரை வேகமாகக் கடந்துவிடலாம். நமக்கு வேண்டியவர் இன்னொரு மருத்துவர், வில்லியம் ராக்ஸ்பர்க். சென்னை மாகாணத்தில் வேலையைத் தொடங்கி, பிறகு கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளரானவர். வங்காளத்தின் டசார், எரி புழுக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1804இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் இதழில் வந்தது. அதற்குப் பின் 1837இல், வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் அசாமின் நவ்காங்கில் இருந்த அதிகாரி ஹியூகன். மற்றவர் பிராக் நகரத்து மருத்துவர் ஹெல்ஃபர். முகாவுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் ஹெல்ஃபர்தான். இன்றும் அந்தப் பெயருக்குப் பின்னால் 'ஹெல்ஃபர், 1837' என்று எழுதுகிறோம். (மூன்று ஆண்டு கழித்து அந்தமானில் அவர் கொல்லப்பட்டார் என்பது தனிக் கதை.) அசாமில் காலங்காலமாக முகா வளர்த்தவர்களின் ஊர் பெயர் அந்த அறிவியல் பெயரில் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை.

சரி, ஐரோப்பாவில் இந்தப் பூச்சிகள் எப்படி வீட்டுக்குள் வந்தன? நோய்தான் காரணம். 1850களில் 'பெப்ரின்' என்ற நோய் முசுக்கட்டைப் பட்டுப்புழுக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. பிரான்சில் 1853இல் 26,000 டன்னாக இருந்த பட்டுக்கூடு விளைச்சல் 1865இல் 4,000 டன்னாகச் சரிந்தது. வேறு ஏதாவது பட்டுப்பூச்சி கிடைக்காதா என்று தேடினார்கள். சீனாவிலிருந்து எரியின் உறவுப்பூச்சி ஒன்று 1856இல் இத்தாலிக்கும், பிறகு பிரான்சுக்கும், 1861இல் அமெரிக்காவுக்கும் போனது. வணிகம் வெற்றி பெறவில்லை. ஆனால் முட்டைகள் ஊர் ஊராகப் பரவிவிட்டன. ஒரு கடித உறைக்குள் 50 முட்டை வைத்து அஞ்சலில் அனுப்பலாம், பாருங்கள். தொழிலாகத் தோற்றது பொழுதுபோக்காக வளர்ந்தது. 1935இல் இங்கிலாந்தில் பூச்சியியல் ஆர்வலர்களுக்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. பட்டுப்பூச்சி வளர்ப்போருக்கான கையேடுகளை அது வெளியிட்டது.

நோயைத் தீர்க்க அரசாங்கம் லூயி பாஸ்டரை 1865இல் அனுப்பியது. அவர் வேதியியல் அறிஞர், பூச்சிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவிஞோன் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பார்க்கப் போனார். ஆசிரியர் ஒரு பட்டுக்கூட்டைக் கொடுக்க, பாஸ்டர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்கிறதா?" என்று வியந்து கேட்டாராம். உள்ளே இருப்பது கூட்டுப்புழு என்று விளக்கியவர் ழான் ஆன்ரி ஃபாப்ர். பாஸ்டரைப் பற்றி நாம் எத்தனை பாடம் நடத்தியிருப்போம், அவருக்குப் பாடம் நடத்திய ஆசிரியரைப் பற்றி ஒரு வரி சொல்வதில்லை.

ஃபாப்ர் பின்னாளில் தம் வீட்டில் பெரும் பட்டுப்பூச்சிகளை வளர்த்தார். ஒரு மே மாதக் காலையில் கூட்டிலிருந்து ஒரு பெண்பூச்சி வெளிவந்தது. அதைக் கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தார். அன்று இரவு இருட்டில், மரக்கிளைகளைத் தாண்டி, திறந்திருந்த சன்னல் வழியாக 40 ஆண்பூச்சிகள் வந்துவிட்டன! அடுத்தடுத்த இரவுகளிலும் வந்துகொண்டே இருந்தன. பெண்பூச்சியைக் கண்ணாடிக் குடுவைக்குள் மூடி வைத்தால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மணம் ஒன்றுதான் அழைக்கிறது என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது. 1900இல் இதை அவர் நூலில் எழுதினார். அந்த மணப்பொருள் என்ன என்பதை ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்க 1959 வரை ஆனது. ஜெர்மானிய அறிஞர் பூட்டெனாண்ட், ஏறத்தாழ 5 லட்சம் முசுக்கட்டைப் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு அதைச் செய்தார். கம்பிவலைக் கூண்டும் பொறுமையும் மட்டுமே வைத்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தொடங்கிய கேள்வி அது.

இதே பொழுதுபோக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. எத்தியென் துரூவெலோ என்ற பிரெஞ்சு ஓவியர் அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே மெட்ஃபர்டில் குடியேறினார். அங்குள்ள பெரும் பட்டுப்பூச்சி ஒன்றை வளர்க்கத் தொடங்கி, 5 ஏக்கர் புதர்க்காட்டுக்கு வலை போட்டு, 10 லட்சம் புழுக்கள் வரை வளர்த்ததாக அவரே 1867இல் எழுதினார். அதோடு நிற்கவில்லை. 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து ஜிப்சி அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்தார். அதில் சில தப்பின. 20 ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1889இல் மெட்ஃபர்ட் தெருக்களில் மரங்கள் மொட்டையாயின. புழுக்கள் சுவரிலும் நடைபாதையிலும் ஊர்ந்தன. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் அரசு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. ஒழிக்க முடியவில்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் அந்தப் பூச்சி இன்றும் மரங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. துரூவெலோவோ பூச்சிகளை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கப் போய்விட்டார். கோள்களையும் சூரியனையும் அவர் வரைந்த படங்கள் இன்றும் பாராட்டப்படுகின்றன.

ஆர்வலர் ஒருவர் தவறினால் இழப்பு அவருடையதாக இல்லாமல் போவதை இங்கே கவனியுங்கள். துரூவெலோவுக்கு வேறு வேலை கிடைத்தது. பட்டே பிழைப்பாக இருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதைப் பார்க்க நாம் சைனாடவுனுக்குத் திரும்ப வேண்டும்.

தென்சீனாவில், குவாங்டோங் மாநிலத்தின் முத்தாற்று வடிநிலத்தில் சுண்டே என்றொரு வட்டாரம். அங்கே நீராவிப் பட்டாலைகளில் கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் எடுத்தவர்கள் பெண்கள். கையில் சொந்த வருமானம் இருந்ததால் அவர்களில் பலர் திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்து, தலைமுடியை வாரிக் கொண்டை போடும் ஒரு சடங்கின் மூலம் அதை ஊரறியச் சொன்னார்கள். 1929க்குப் பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் பட்டு விலை விழுந்தது, ஆலைகள் மூடப்பட்டன. அதே நேரம், 1933இல் நடப்புக்கு வந்த அயல்நாட்டவர் சட்டம் சீன ஆண்கள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. பெண்களுக்கு 1938 வரை அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் கப்பலில் வந்தவர்களில் சுண்டே பெண்களும் இருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, நீண்ட பின்னல் அல்லது கொண்டையுடன் வீட்டு வேலை செய்த 'மாஜே' அம்மாக்கள் இவர்கள். சைனாடவுன் கடைவீடுகளின் மேல்மாடியில் பல பேர் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, ஓய்வு நாளில் அங்கே கூடுவார்கள்.

மாணவர்களே, இவர்களைச் சம்சுய் பெண்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிவப்புத் தலைத்துணி கட்டிக் கட்டுமான வேலை செய்த சம்சுய் பெண்கள் சன்சுய் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். தேர்வுத்தாளில் இரண்டையும் ஒன்றாக எழுதினால் மதிப்பெண் போகும்.

கூட்டின் இழைமுனையைக் கண்டுபிடிக்கவும், வெந்நீரின் சூட்டை விரலால் அறியவும், நூல் அறுந்தால் தெரியாமல் ஒட்டவும் தெரிந்த கைகள் இங்கே வந்து துணி துவைத்தன, பிள்ளை வளர்த்தன. பட்டாலை இல்லாத ஊரில் அந்தத் திறமைக்கு விலை இல்லை. ராக்ஸ்பர்க்கின் கட்டுரை நூலகத்தில் இருக்கிறது, ஃபாப்ரின் நூல் பல மொழிகளில் கிடைக்கிறது. பட்டைப் பற்றி இந்தப் பெண்கள் அறிந்ததைத் தெரிந்துகொள்ள வாய்மொழி வரலாற்றைத்தான் நாட வேண்டும். நம் வாய்மொழி வரலாற்று நிலையம் தொடங்கியது 1979இல். பட்டாலையில் வேலை பார்த்தவர்களுக்கு அப்போதே வயதாகியிருந்தது.

சிங்கப்பூரில் பூச்சி ஆர்வலர்களின் வரலாறும் நீளமானதுதான். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் வந்து புக்கிட் தீமா பகுதியில் சேகரித்தார். 1887இல் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் ராஃபிள்ஸ் அரும்பொருளகக் கட்டடம் திறந்தது. அதன் விலங்கியல் சேகரிப்புகள் 2015 முதல் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ளன. மலாயா இயற்கைச் சங்கம் 1940இல் தோன்றியது. அதன் சிங்கப்பூர்க் கிளை 1954இல் அமைந்து, 1991இல் தனிச் சங்கமானது. பட்டர்ஃபிளைசர்க்கிள் குழுவின் ஆர்வலர்கள் வண்ணத்துப்பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்து, ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தப் புழு எந்த இலையைத் தின்னும் என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும் பங்கு இப்படிப்பட்ட மாலைநேர ஆர்வலர்களுடையது.

வகுப்பில் அட்லஸ் பூச்சியைக் காட்டலாமா என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். காட்டலாம், அது நம் நாட்டுப் பூச்சியே. புழு முள்சீத்தா, கொய்யா, இலவங்க மரங்களின் இலையைத் தின்னும், உடம்பில் வெண்மையான மெழுகுப் பொடி பூசியது போலிருக்கும். ஆனால் பூங்காவிலிருந்தும் இயற்கை வனப்பகுதியிலிருந்தும் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. வெளிநாட்டு முட்டைகளை வரவழைப்பது வேண்டவே வேண்டாம், மெட்ஃபர்ட் போதும். கீழ்த்தளச் சுவரில் ஒன்று வந்து உட்கார்ந்தால் துடைப்பத்தை எடுக்கவிடாமல் தடுத்து, ஓர் அளவுகோலைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நாளையும் நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஓரிரு வாரம் வாழ்ந்து முடித்துவிடும், அதனால் தேன் வைக்கத் தேவையில்லை.

வரலாற்று வகுப்புக்கு ஒரு பயிற்சி: முகாவின் அறிவியல் பெயரை ஹெல்ஃபரின் பெயரோடும் ஆண்டோடும் பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு மாஜேயின் பழைய புகைப்படத்தை வையுங்கள். இரண்டு மூலங்களும் பட்டைப் பற்றி எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று மாணவர்களைக் குழுவாக எழுதவிடுங்கள். 20 நிமிடம் கொடுங்கள், 10 போதாது.