கறுப்புத் திரையில் இருந்து ஒரு டெஸ்க்டாப்

வரைகலை எதுவும் சேர்க்காமல் லினக்ஸை நிறுவினால் என்ன கிடைக்கும்? ஒரு கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு கர்சர். அவ்வளவுதான்! ஐகான் இல்லை, மெனு இல்லை. அங்கிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்து டெஸ்க்டாப் கட்டிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. வெட்டி வேலை என்று இதைச் சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டினால், இதுதான் பழைய வழி என்பது தெரியும்.

இதற்கு அடித்தளம் 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் போடப்பட்டது. பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் முதலியோர் வளர்த்த எக்ஸ் விண்டோ சிஸ்டம், திரையில் வரைவதையும் கீபோர்டு, மவுஸ் சொல்வதைக் கேட்டு நிரல்களுக்குத் தெரிவிப்பதையும் மட்டுமே தன் பொறுப்பாக வைத்துக்கொண்டது. விண்டோவுக்கு எந்த மாதிரி விளிம்பு, அதை எப்படி நகர்த்துவது என்பதெல்லாம் 'விண்டோ மேனேஜர்' என்ற தனி நிரலின் வேலை. வசதியைத் தருவோம், விதியைத் திணிக்க மாட்டோம் என்பதே கொள்கை. எனவே ஒரு மேனேஜர் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்ட காலத்தில் வீட்டுக் கணினிகளில் நினைவகம் மிகக் குறைவு. 1993-இல் ராபர்ட் நேஷன், நினைவகத்தை மிச்சப்படுத்துவதற்காகவே 'டிடபிள்யூஎம்' என்ற பழைய மேனேஜரைத் திருத்தி 'எஃப்விடபிள்யூஎம்' செய்தார். அன்று கட்டளை வரியில் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று தட்டினால்தான் வரைகலைத் திரை வரும். எந்தெந்த நிரல் ஓடவேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்தால் போதும். அந்தக் கோப்புதான் டெஸ்க்டாப்!

1996-இல் கேடிஇ, 1997-இல் க்னோம் திட்டங்கள் தொடங்கின. எல்லாம் ஒரே பொட்டலமாக வந்தது. புதியவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் பொட்டலம் பெருக்கப் பெருக்க, பழைய கணினிகள் திணறின.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. 2002-இல் கனடாவின் ஜட் வினெட் வெளியிட்ட ஆர்ச் லினக்ஸ், நிறுவி முடித்ததும் கட்டளை வரியில்தான் கொண்டுபோய் விட்டது. 2003-இல் வந்த 'டேம் ஸ்மால் லினக்ஸ்' ஒரு முழு டெஸ்க்டாப்பையே 50 எம்.பி.க்குள் அடக்கியது. 2006-இல் தொடங்கிய 'டிடபிள்யூஎம்' (பெயர் ஒலிப்பு ஒன்றானாலும் இது வேறு மேனேஜர்) 2000 வரி நிரலைத் தாண்டுவதில்லை என்று தனக்குத்தானே வரம்பு போட்டுக்கொண்டது.

இதில் லாபம் என்ன? குப்பைக்குப் போகவேண்டிய கணினி இன்னும் சில வருடம் உழைக்கும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு நிரலுக்கும் பற்று வரவு பார்த்து இடம் கொடுத்தவருக்கு, எது பழுதானாலும் எங்கே தேடவேண்டும் என்று தெரியும்.

2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் இந்தக் கதையில் ஒரு திருப்பம். எக்ஸில் ஒரு நிரல் இன்னொன்றின் தட்டச்சை ஒட்டுக்கேட்க முடியும். வேலண்ட் அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் வரைபவரும் மேலாளரும் அதில் ஒரே நிரல். மேனேஜரை மட்டும் கழற்றி மாட்டும் பழைய சுதந்திரம் அங்கே இல்லை. சிறிய டெஸ்க்டாப் வேண்டுவோர் ஸ்வே போன்றவற்றைக் கொண்டு வேலண்டிலும் கட்டுகிறார்கள். கறுப்புத் திரையில் கர்சர் இன்னும் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது...