டெர்ரேரியத்துக்கு எந்தப் பெரணி செட் ஆகும்? வாங்கும் முன் இதைக் கவனிங்க!

கண்ணாடி ஜாடிக்குள் பாசி, கூழாங்கல், நடுவே சின்னதா ஒரு பெரணிச் செடி. ரீல்ஸில் பார்த்ததும் நாமும் ஒன்று வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் வைத்த இரண்டு மாதத்தில் செடி மூடியை முட்டிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் அழுகிப்போயிருக்கும். பல நேரம் கோளாறு வளர்ப்பில் இல்லை, நர்சரியில் செடியை எடுத்தபோதே ஆரம்பித்துவிடுகிறது.

டெர்ரேரியத்தின் கதையே பெரணியில்தான் தொடங்குகிறது. 1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் பாக்ஷா வார்டு, ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடி வைத்திருந்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவரின் கண்ணில் பட்டது, மண்ணில் முளைத்த ஒரு பெரணி. நிலக்கரிப் புகையால் அவரது தோட்டத்தில் பிழைக்காத செடி, பாட்டிலுக்குள் பிழைத்தது. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்கியதுதான் காரணம். இந்த யோசனையில் உருவான 'வார்டியன் பெட்டி'களில்தான் பின்னாளில் தேயிலைக் கன்றுகள் சீனாவிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின.

குட்டிச் செடி வேறு, குள்ளச் செடி வேறு

இரண்டு இன்ச் தொட்டியில் விற்கிற எல்லாம் மினி பெரணி கிடையாது. பாஸ்டன் ஃபெர்ன், பறவைக்கூடு பெரணி இரண்டும் குட்டியாக இருக்கும்போது அழகுதான். வளர்ந்தால் இரண்டு, மூன்று அடிக்குப் பரவும். ஆஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணியே இல்லை, நம்ம தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தம்!

நம்ம ஊருக்கு முதல் சாய்ஸ் ஹார்ட் ஃபெர்ன். இலை இதய வடிவில், தோல் மாதிரி தடிமனாக இருக்கும். உயரம் ஓர் அடியைத் தாண்டுவது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்கிற செடி என்பதால் வெப்பத்தை ஓரளவு தாங்கும். அதற்காகக் காட்டிலிருந்து பிடுங்கி வந்துவிடக் கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். நர்சரிச் செடியே போதும்.

அடுத்தது லெமன் பட்டன் ஃபெர்ன். இதில் ஒரு பெயர்க் குழப்பம் இருக்கு. வெறும் 'பட்டன் ஃபெர்ன்' என்பது நியூசிலாந்துச் செடி. கொஞ்சம் உலர்ந்த மண்தான் அதற்குப் பிடிக்கும், மூடிய ஜாடியில் அழுகிவிடும். கடையில் 'லெமன்' என்று கேட்டு வாங்கணும். மெய்டன்ஹேர் வகைகள் பார்க்க அள்ளும். ஆனால் ஒருமுறை காய்ந்தால் இலை கருகிவிடும் என்பதால் புதியவர்களுக்கு வேண்டாம்.

நடுவது எப்படி?

அடியில் ஓர் இன்ச் கூழாங்கல், அதன்மேல் கொஞ்சம் கரித்தூள், பிறகு தென்னைநார்க் கழிவும் மணலும் கலந்த மண். உரம் தேவையில்லை, போட்டால் செடி வேகமா வளர்ந்து ஜாடிக்கு அடங்காது. பெரணியின் கிழங்கு போன்ற தண்டைப் புதைக்காமல் மண்ணோடு மட்டமாக வைக்கணும். போர் தண்ணீரின் உப்பு வெளியேற வழியில்லாமல் மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் நல்லது.

காலையில் கண்ணாடியில் லேசாகப் பனி படிந்து, மதியம் மறைந்தால் ஈரம் சரி. நாள் முழுக்க மூடுபனியாகவே இருந்தால் மூடியைச் சில மணி நேரம் திறந்து வைங்க.

வெயில்தான் வில்லன்

நேரடி வெயிலில் மூடிய ஜாடி, வெயிலில் நிறுத்திய கார் மாதிரி. அரை மணி நேரமே செடியை அவித்துவிடும். ஜன்னலிலிருந்து தள்ளி, வெளிச்சம் மட்டும் வரும் இடம் போதும். வெளிச்சம் போதவில்லையென்றால் வெள்ளை எல்இடி விளக்கு தினமும் 10 முதல் 12 மணி நேரம். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றிவிடுவது நல்லது.

இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடிக்க வேண்டாம். அவை பெரணியின் வித்துகள். சில மாதங்கள் கழித்து மண்மேல் நகத்தளவுகூட இல்லாத பச்சை இதயங்கள் தென்படலாம். புதுப் பெரணிகள் அதிலிருந்துதான் முளைக்கும், களைன்னு நினைச்சுக் கிள்ளிடாதீங்க.