லைக் எண்ணத் தொடங்கிய கதை

ஒரு பதிவைப் போட்டுவிட்டு நாங்கள் முதலில் பார்க்கிறது என்ன? எத்தனை லைக் விழுந்திருக்கு எண்டுதானே. ஆனால் 2004இல் தொடங்கிய முகநூலுக்கு லைக் பொத்தான் வந்தது 2009 பெப்ரவரியில்தான். அதற்கு முதல் ஒருவருடைய படம் பிடித்திருந்தால் இரண்டு வார்த்தையாவது எழுதவேண்டும். பொத்தான் வந்தபிறகு ஒரு தட்டோடு அலுவல் முடிந்தது. பதில் சொல்வது சுலபமானது, அதை எண்ணுவதும் சுலபமானது.

எண்ணத் தொடங்கியதும், எதை எண்ணுவது என்ற கேள்வி வந்தது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் 2012இல் முன்னுரிமை கொடுத்தது. முகநூல் 2016இல் அன்பு, சிரிப்பு, வியப்பு, கவலை, கோபம் என்று ஐந்து முகங்களைத் தந்தது.

சிக்கல் இங்கேதான். 2017இல் இந்த முகக்குறி ஒவ்வொன்றும் ஐந்து லைக்குக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது. கோபத்துக்கும் அதே ஐந்துதான். 2021இல் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. 2018 ஜனவரியில், நண்பர்களும் குடும்பத்தாரும் கதைத்துக்கொள்ளும் பதிவுகளுக்கு இனி முதலிடம் என்று மார்க் சக்கர்பர்க் அறிவித்தார். கொமென்ட் கூடின பதிவு மேலே ஏறியது. சண்டைக்கும் கொமென்ட் விழும்தானே!

அந்த வருடம் மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் முகநூலில் சுற்றிக்கொண்டிருந்தன. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல்தான். இனவாதத்தை முகநூல் உண்டாக்கவில்லை. 1983இல் இங்கே முகநூல் இருந்ததா என்ன? ஆனால் ஏற்கெனவே இருந்த நெருப்புக்கு அது காற்று வீசியது. கோபக்குறியின் பெறுமதி பூச்சியமாக்கப்பட்டதும் 2020 செப்டெம்பரில்தான்.

ஆகவே எழுதுகிற, வீடியோ செய்கிற எங்கட ஆட்களுக்கு ஒன்று. லைக் குறைந்தால் வாசகர் போய்விட்டார் என்று உடனே சோரவேண்டாம், எண்ணும் முறை மாறியிருக்கலாம். திடீரென்று கூடினால், எது கூட்டியது என்று ஒருக்கா பாருங்கள். அது கோபமாக இருந்தால், அடுத்த பதிவையும் அதே சூட்டில் எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சூடு யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்கும் என்பதை இந்த நாட்டில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.