வாலியர்

வாலியர் என்போர் தமிழ்நாட்டு நாட்டார் கதைகளில் பேசப்படும் குள்ள மனிதர் இனத்தவர் ஆவர். படவேடு ஊரை அடிவாரத்தில் கொண்ட ஜவ்வாது மலையில், கீழ்செப்பிலியில் உள்ள கற்திட்டைகள் இவர்களின் வீடுகளாகக் கருதப்படுகின்றன.

நம்பிக்கை

வாலியர் உருவில் சிறியவர்கள்; எனினும் பெரும் பலகைக் கற்களைத் தூக்கி நிறுத்தும் வலிமை உடையவர்கள் என்பது நம்பிக்கை. கற்திட்டையின் உள்ளறை சிறியது. சிலவற்றின் பக்கக் கல்லில் இடுதுளை எனப்படும் வட்டத் துளை உண்டு. அதனை வாசலாகக் கொண்டதே இக்கதைக்கு அடிப்படையாகலாம். கர்நாடகத்தின் ஹிரே பெணகல் கற்திட்டைகளும் மோரியர் என்னும் குள்ளரின் வீடுகளாகக் கூறப்படுகின்றன.

தொல்லியல்

இவை உண்மையில் இறந்தோர்க்காக எழுப்பப்பட்ட பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் ஆகும்.

ஆட்டங்களில் குள்ளர்

நோர்ஸ் தொன்மத்தின் குள்ளர், டோல்கீனின் புதினங்கள் வழியாக, 1974-இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இடம்பெற்று உலகெங்கும் அறியப்பட்டனர். கல்வேலையில் அவர்களுக்கு இணையாகப் பேசப்படும் வாலியர் அவ்வாறு அறியப்படவில்லை.

பாதுகாப்பு

ஹிரே பெணகல் 2021-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ, கட்டுமானத்துக்காகக் கற்களைப் பெயர்த்ததாலும் நிலத்தைத் திருத்தியதாலும் பல கற்திட்டைகள் அழிந்துள்ளன. வாலியர் கதைக்கு எஞ்சியிருக்கும் கண்கூடான அடையாளம் இக்கற்களே.