கொல்லன் பெயர் கொண்டோர்: ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரின் வரலாறு

பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைப் பயிலும் மாணாக்கர் ஜோர்ஜ் லெஃபெவ்ர் என்னும் பேராசிரியரின் நூல்களை அறிவர். 1929ஆம் ஆண்டில் மார்க் புளொக்குடன் இணைந்து 'அனால்' என்னும் வரலாற்று ஏட்டைத் தொடங்கிய லூசியன் ஃபெவ்ரையும் அறிவர். முன்னவர் 1874இல் லீல் நகரிலும், பின்னவர் 1878இல் நான்சி நகரிலும் பிறந்தனர். இருவர் பெயரும் கொல்லன் என்னும் ஒரே பொருளைத் தருவன. பெயர் ஒன்றாயின் குலமும் ஒன்றாதல் வேண்டுமோ? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பெயர்களுக்கு மூலம் 'ஃபாபெர்' என்னும் இலத்தீன் சொல். மரம், உலோகம் முதலிய வன்பொருள்களில் வேலை செய்யும் கைவினைஞனை அது முதலிற் குறித்தது. பின்னர்ப் பிரான்சில் அதன் பொருள் சுருங்கி இரும்புக் கொல்லனுக்கே உரியதாயிற்று. வடபகுதியில் அது 'ஃபெவ்ர்' எனத் திரிந்து, 'லெ' என்னும் சுட்டிடைச்சொல்லை முன்னே பெற்று 'லெஃபெவ்ர்' ஆயிற்று. தென்பகுதியில் 'ஃபாப்ர்', 'ஃபோர்' எனவும், சவோய்ப் பகுதியில் 'ஃபாவ்ர்' எனவும் வழங்கிற்று. பிரித்தானி மக்களோ தம் கெல்த்தியத் தாய்மொழிச் சொல்லாலேயே 'லெ கொஃப்' என்றனர். நாளடைவிற் கொல்லனைக் குறிக்க 'ஃபோர்ஜெரோன்' என்னும் சொல் வழக்கிற்கு வர, 'ஃபெவ்ர்' என்பது பேச்சிலிருந்து மறைந்தது. பொற்கொல்லனைக் குறிக்கும் 'ஓர்ஃபெவ்ர்' என்னும் சொல்லிலும் குடும்பப் பெயர்களிலுமே அது இன்று எஞ்சி நிற்கின்றது.

11ஆம் நூற்றாண்டு முதலாக, ஞானஸ்நானப் பெயர் ஒன்றே ஒருவனை வேறுபடுத்திக் காட்டப் போதாதாயிற்று. ஓர் ஊரிற் பல 'ஜான்'கள் இருப்பின், உலைக்களத்து ஜானைத் தொழிலாற் சுட்டுதல் எளிது. உழவர் பலராயிருந்த ஊரில் 'உழவன்' என்பது அடையாளமாகாது. கொல்லனோ ஊருக்கு ஒருவன் அல்லது இருவன். ஆதலாலன்றோ அத்தொழிற்பெயர் எங்கணும் நிலைத்தது! ஊர்தோறும் ஒரு கொல்லன் இருந்தமையின் ஊர்தோறும் அப்பெயர் தனித்தனியே தோன்றிற்று. எனவே, லெஃபெவ்ர் குடும்பங்களுக்கெல்லாம் முதல்வன் ஒருவன் உளன் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

எழுத்து வடிவமும் நம்மை மயக்கவல்லது. இலத்தீன் மூலத்தை நினைவூட்ட விரும்பிய எழுத்தர்கள், ஒலிக்கப்படாத 'பி' என்னும் எழுத்தை இப்பெயரினுட் புகுத்தினர். அக்காலத்தில் 'வி', 'யூ' என்னும் இரண்டெழுத்தும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால், அதனைப் பிழையாகப் படித்தோர் 'லெஃபெபூர்' என்னும் புதுப் பெயரையே உண்டாக்கிவிட்டனர். எழுத்தானது பேச்சைத் திரிப்பதற்கு எடுத்துக்காட்டாக மொழியறிஞர் சொசூர் இதனைக் காட்டியுள்ளார். அவருடைய விரிவுரைகள் 1916இல் நூலாக வெளிவந்தன. ஆகவே, எழுத்து வேறுபாடு குல வேறுபாட்டுக்குச் சான்றாகாது. எழுத்தொற்றுமையும் குலவொற்றுமைக்குச் சான்றாகாது.

பெயர் பரம்பரையானபின் தொழிலுடன் அதற்கிருந்த தொடர்பும் அற்றது. விவிலியத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1530இல் முழுமையாக வெளியிட்ட ழாக் லெஃபெவ்ர் தம்மை இலத்தீனில் 'ஃபாபெர்' என்றே குறித்துக்கொண்டார். அவர் கையாண்டதோ எழுதுகோல். நெப்போலியனின் படைத்தலைவர் லெஃபெவ்ர் 1807இல் டான்சிக் நகரை முற்றுகையிட்டு வென்றார். ஆன்றி ஃபாப்ர் பூச்சிகளின் வாழ்வை ஆராய்ந்தார். 1895இற் குடியரசுத் தலைவரான ஃபெலிக்ஸ் ஃபோர் தோல் வணிகம் செய்தவர். இவருள் ஒருவரும் சம்மட்டி பிடித்தவரல்லர்.

அங்ஙனமாயின், குலவரலாற்றை எவ்வாறு அறிதல் கூடும்? பதிவேடுகளைக் கொண்டே அறிதல் வேண்டும். 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னன் விலேர்-கொத்தரேயிற் பிறப்பித்த ஆணை, ஞானஸ்நானப் பதிவுகளைப் பேணுமாறு விதித்தது. 1579ஆம் ஆண்டுப் புளுவா ஆணை விவாகத்தையும் அடக்கத்தையும் அவற்றோடு சேர்த்தது. 1667இல் ஏடுகளை இரட்டைப் படிகளாக வைத்தல் கட்டாயமாயிற்று. 1792இற் பதிவுக் கடமை குருமாரிடமிருந்து நகரசபைகளுக்கு மாறிற்று. பிறப்புப் பதிவிலுள்ள பெயரன்றி வேறு பெயர் தாங்கலாகாது என 1794ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அதற்கு முன்னரோ, குருவானவர் தம் செவிக்கெட்டியவாறே எழுதினமையால், உடன்பிறந்தாரும் இருவேறு எழுத்துக்களிற் பதியப்படுதல் கூடும்.

ஆராய்வோன் மகனிலிருந்து தந்தைக்கும், தந்தையிலிருந்து பாட்டனுக்கும் ஒவ்வொரு படியாக ஏறுதல் வேண்டும். ஒரு படி இல்லையெனின் அவ்விடத்தில் நிற்றலே நேர்மை. 1871ஆம் ஆண்டு மே மாதத்திற் பாரிசு நகரிற் பரவிய தீ, பழம் பதிவேடுகளின் இரு படிகளையும் அழித்தது. பின்னர் ஒரு பகுதியே மீட்டமைக்கப்பட்டது. அவ்விடைவெளியைப் புகழ்பெற்ற ஒருவரின் பெயரால் நிரப்புவோர், வரலாற்றை விட்டுக் கற்பனையை நாடுவோராவர்.

குடும்பப் பெயர் மெய்யான சான்றே. ஆனால் அது எதற்குச் சான்று என்பதை உணர்தல் வேண்டும். முன்னோர் எம்மொழி பேசினர், எப்பகுதியில் வாழ்ந்தனர், அவருள் ஒருவர் எத்தொழிலால் அறியப்பட்டார் என்பவற்றை அது உணர்த்தும். குருதித் தொடர்பை அது உணர்த்தாது. லீல் நகரத்து லெஃபெவ்ரையும் நான்சி நகரத்து ஃபெவ்ரையும் இணைப்பது ஒரு குலமன்று. ஊருக்கு ஊர் கலப்பைக்குக் கொழுவும் குதிரைக்கு லாடமும் அடித்துத் தந்த, பெயரறியாக் கொல்லர் பலரின் உழைப்பேயாகும். அரச மரபினும் இது தாழ்ந்ததோர் உரிமையன்று.