சுயேச்சை வேட்பாளரும் ராஷ்டிரபதி பதவியும்

கட்சி மாறிய ஒருவர், அல்லது தம் கட்சியின் ஆணை கிட்டாத ஒருவர், சுயேச்சையாக நின்று ராஷ்டிரபதியாக இயலுமா? இயலும் என்கிறது நமது அரசியற் சட்டம். ஆனால், ஆளும் கட்சியின் அதிகாரபூர்வமான வேட்பாளரை எதிர்த்துச் சுயேச்சை ஒருவர் வென்றது ஒரே ஒரு முறைதான் என்கிறது நமது சரித்திரம். 2002-இல் ராஷ்டிரபதியான அப்துல் கலாம் எக்கட்சியையும் சாராதவரே. எனினும் அவர் ஆளுங் கூட்டணி நிறுத்திய வேட்பாளர். எதிர்த்து நின்று வென்றவர் வி. வி. கிரி ஒருவரே. அவர் திருவனந்தபுரத்துக்குப் புதியவர் அல்லர். 1960 முதல் 1965 வரை கேரளத்தின் கவர்னராக இந்நகரின் ராஜ்பவனில் வாழ்ந்தவர்.

அவர் வென்ற விதத்தை அறியுமுன், இத்தேர்தலின் முறையைச் சற்று நோக்குவோம். ராஷ்டிரபதியை நாம் நேரே தேர்ந்தெடுப்பதில்லை. பார்லிமெண்டுக்கும் சட்டசபைகளுக்கும் நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய அங்கத்தினரே நமக்காக வாக்களிக்கின்றனர். ஒவ்வொரு மாநில அங்கத்தினரின் வாக்குக்கும் ஜனத்தொகையை ஒட்டி ஒரு மதிப்பு உண்டு. 1971-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி கேரள அங்கத்தினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 152, தமிழ்நாட்டில் 176. ஆக, கேரளத்தின் 140 அங்கத்தினரும் சேர்ந்து பெற்றிருப்பது 21,280. வாக்களிப்போர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்துவர். முதல் எண்ணிக்கையில் எவருக்கும் பாதிக்கு மேல் கிட்டாவிடில், கடைசியில் நிற்பவரை விலக்கி, அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்தின்படி பிறருக்குச் சேர்ப்பர். எனவே வேட்பாளர் ஒருவரின் வாய்ப்பைத் தெருவில் கூடும் கூட்டத்தைக் கொண்டு அளத்தல் இயலாது. சபைகளில் எக்கட்சிக்கு எத்தனை பேர், அவர்கள் ஒன்றுபட்டிருக்கிறார்களா என்பதே அளவுகோல்.

கட்சி பிளவுபட்டால் என்ன நேரும் என்பதைக் கிரி இந்நகரிலேயே கண்டார். 1964 செப்டம்பரில் ஆர். சங்கரின் காங்கிரஸ் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, காலஞ்சென்ற பி. டி. சாக்கோவின் ஆதரவாளர்களான 15 காங்கிரஸ் அங்கத்தினர் எதிரணியோடு சேர்ந்து வாக்களித்தனர், மந்திரிசபை வீழ்ந்தது. அவர்களே அடுத்த மாதம் கேரள காங்கிரஸ் என்னும் கட்சியைத் தோற்றுவித்தனர். 1965 மார்ச்சில் நடந்த தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. தேர்ந்தெடுக்கப்பெற்ற சபை ஒருநாளும் கூடாமலே கலைக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1969 மே 3-ஆம் நாள் ராஷ்டிரபதி ஜாகீர் உசேன் காலமானார். உபராஷ்டிரபதியாயிருந்த கிரி தற்காலிகமாக அப்பொறுப்பை ஏற்றார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு, பிரதமர் இந்திரா காந்தியின் விருப்பத்துக்கு மாறாக, நீலம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. கிரி தம் பதவிகளைத் துறந்து சுயேச்சையாகப் போட்டியிட்டார். அங்கத்தினர் தத்தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்னும் குரல் பிரதமரின் அணியிலிருந்து எழுந்தது. பொதுவுடைமைக் கட்சிகள் இரண்டும் தி. மு. க.வும் கிரியை ஆதரித்தன. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் சி. டி. தேஷ்முக்கை முன்னிறுத்தின.

ஆகஸ்ட் 16-இல் வாக்களிப்பு. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியதோ 4,18,169. பிறரை விலக்கி அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபோது, ரெட்டிக்கு 91,879 கூடியது. கிரிக்குக் கூடியது 18,562 மட்டுமே. ஆயினும் 4,20,077 பெற்றுக் கிரி வென்றார். ரெட்டி 4,05,427-இல் நின்றார். வேண்டிய அளவுக்கு மேல் கிரி பெற்றது இரண்டாயிரத்துக்கும் குறைவே. அவ்வாண்டு நவம்பரில் காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தோற்ற ரெட்டியோ, 1977-இல் ஜனதாக் கட்சியினராகி, போட்டியின்றியே ராஷ்டிரபதியானார்.

இவ்வெற்றிக்குக் காரணம் கிரியின் புகழ் மட்டுமன்று. புகழ் மிக்க பிறரும் நின்று தோற்றிருக்கின்றனர். 1967-இல் தலைமை நீதிபதி பதவியைத் துறந்து எதிர்க்கட்சிகளின் ஆதரவோடு நின்ற கே. சுப்பாராவ் 3,63,971 பெற்றும், 4,71,244 பெற்ற ஜாகீர் உசேனிடம் தோற்றார். 1957-இல் இந்நகரில் ஈ. எம். எஸ். மந்திரிசபையில் சுயேச்சை அங்கத்தினராக மந்திரி பதவி வகித்த வி. ஆர். கிருஷ்ணய்யர், 1987-இல் நின்று 2,81,550 பெற்றார். தஞ்சைத் தரணியின் ஆர். வெங்கட்ராமன் 7,40,148 பெற்றார். அவ்விரு முறையும் காங்கிரஸ் அணி குலையவில்லை.

கட்சி மாறியவரின் கதைக்கு நேரான உதாரணம் மேகாலயத்தின் பி. ஏ. சங்மா. காங்கிரஸில் வளர்ந்து, 1996 முதல் 1998 வரை லோக்சபையின் சபாநாயகராயிருந்தவர். 1999-இல் காங்கிரஸிலிருந்து விலக்கப்பட்டுச் சரத் பவாருடன் தேசியவாத காங்கிரஸைத் தோற்றுவித்தார். இடையில் மம்தா பானர்ஜியுடன் இணைந்து, மீண்டும் பழைய கட்சிக்குத் திரும்பினார். 2012-இல் அதையும் துறந்து ராஷ்டிரபதி தேர்தலில் நின்றார். ஜெயலலிதாவும் நவீன் பட்நாயக்கும் முன்மொழிந்தனர். பாரதிய ஜனதா பின்னர் ஆதரித்தது. பழங்குடி மக்களில் ஒருவர் அப்பதவிக்கு வரவேண்டும் என்ற அவருடைய வேண்டுகோள் நியாயமானதே. எனினும் பிரணாப் முகர்ஜி 7,13,763 பெற, சங்மா பெற்றது 3,15,987.

அந்த ஆண்டு திருவனந்தபுரத்தில் அவர் எதை நம்பியிருக்க இயலும்? ஆளும் காங்கிரஸ் முன்னணி முகர்ஜியின் பக்கம். எதிரணியின் பெருங்கட்சியான மார்க்சிஸ்ட் கட்சியும் முகர்ஜியின் பக்கமே. பாரதிய ஜனதாவுக்கோ அ. தி. மு. க.வுக்கோ இச்சபையில் ஓர் இடமும் இல்லை. வாக்களிப்புக்கு முன்னரே கணக்கு முடிந்துவிட்டது. கட்சி மாறுபவர் தம்மோடு கொண்டுவருவது தம் ஒரு வாக்கை மட்டுமானால் பயனில்லை. விட்டுவந்த வீட்டிலேயே பிளவு இருக்கவேண்டும்.

மக்கள் நேரே வாக்களிக்கும் நாட்டில் நிலைமை வேறு. இலங்கையில் மைத்திரிபால சிறிசேனா 2014 நவம்பரில் ஆளும் அரசை விட்டு விலகி, எதிர்க்கட்சிகளின் பொதுவேட்பாளராக நின்று, 2015 ஜனவரியில் 51 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் ஜனாதிபதியானார். அங்கே கோடிக்கணக்கான மக்களின் மனத்தை மாற்றினால் போதும். இங்கே சில ஆயிரம் அங்கத்தினர் கட்சிக் கட்டுப்பாட்டை மீறவேண்டும்.

எனினும் இங்கும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. இத்தேர்தலில் வாக்கு இரகசியமானது; கட்சிக் கொறடா ஆணையிட இயலாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச்சட்டமும் இந்த வாக்கைக் கட்டுப்படுத்தாது. 1969-இல் கிரி நுழைந்தது இவ்வாயில் வழியேதான். அது மீண்டும் பயன்படுமா என்பது, நிற்பவரைவிட வாக்களிப்பவரையே பொறுத்தது. அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவோர் நாமே. ஆதலின், நம் தொகுதியின் சட்டசபைத் தேர்தலில் நாம் இடும் வாக்கு, ராஷ்டிரபதி பவனம் வரை செல்லும் வாக்கு என்பதை மறவாதிருப்போமாக.